‘திரளான’, ‘ஆயிரத்தெட்டு’, ‘எக்கச்சக்கம்’: கணக்கில் வராத எண்களோடு மல்லுக்கட்டிய அனுபவம் உண்டா?

செய்திமேசை

மாவட்டச் செய்திகளைத் திருத்திப் போடும் வேலையில் நெடுநாள் இருந்தவன் நான். கும்பாபிஷேகம், தீமிதி, தேரோட்டம் என்று எந்த ஊர்ச் செய்தி வந்தாலும் கடைசி வரி மட்டும் மாறாது: “இதில் திரளான பக்தர்கள் கலந்துகொண்டு சாமி தரிசனம் செய்தனர்.”

திரளான என்றால் எத்தனை பேர்? யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எங்கள் மேசையில் எல்லோருக்கும் தெரியும். பந்தல் நிறைந்தால் ‘திரளான’. தெரு நிறைந்தால் ‘ஏராளமான’. பேருந்தை வேறு வழியாகத் திருப்பிவிட்டார்கள் என்றால் ‘ஆயிரக்கணக்கான’. சிறப்புப் பேருந்தே விட்டால் ‘பல்லாயிரக்கணக்கான’. அழகர் வைகையில் இறங்குவது, திருவண்ணாமலை தீபம், பழனி தைப்பூசம் மாதிரி நாட்களுக்குத்தான் ‘லட்சக்கணக்கான’ வெளியே வரும். கட்சி மாநாட்டுக்கு அகராதியே தனி. அங்கே கூட்டம் கூடாது, ‘கடலெனத் திரளும்’.

ஒருமுறை ஒரு சின்னக் கிராமத்து அம்மன் கோவில் கொடைக்கு ‘லட்சக்கணக்கான பக்தர்கள்’ என்று நிருபர் எழுதி அனுப்பிவிட்டார். போனில் கூப்பிட்டேன்.

“ஏம்ப்பா, அந்த ஊர்ல மொத்தம் எத்தனை வீடு இருக்கும்?”

“ஒரு முந்நூறு இருக்கும் சார்.”

“பிறகு எங்கே இருந்து வந்தது லட்சம்?”

“திரளானன்னு போட்டா தலைக்கட்டு எல்லாம் சண்டைக்கு வருது சார். போன மாசம் பக்கத்து ஊருக்கு ஏராளமானன்னு போட்டுட்டீங்களாம்.”

நியாயமான குறைதான். ‘பெருந்திரளான’ என்று ஒரு ‘பெரு’ சேர்த்துச் சமாதானம் செய்தோம்.

ஆனால் எனக்கு அதிக வம்பை இழுத்துவிட்டது லட்சமும் இல்லை, கடலும் இல்லை. ‘உள்ளிட்ட பலர்’. பத்தியில் இடமில்லை என்று பெயர்களை வெட்டிவிட்டு ‘உள்ளிட்ட பலர் கலந்துகொண்டனர்’ என்று முடிப்போம். மறுநாள் காலையில் அந்தப் பலரும் ஒருவர் பின் ஒருவராகப் போன் செய்வார்கள். எண்ணிக்கை வைத்தே சொல்லிவிடலாம், பலர் என்றால் எத்தனை என்று.

காவல் நிலையம் மட்டும் இந்த விளையாட்டுக்கு வராது. போராட்டம் நடத்தியவர் ‘ஆயிரக்கணக்கானோர்’ என்பார். அதே போராட்டத்துக்கு ‘நாற்பத்தேழு பேர் மீது வழக்கு’ என்று அங்கிருந்து வரும். இரண்டும் ஒரே பக்கத்தில், சில சமயம் ஒரே செய்தியில் அச்சாகும்.

உங்கள் வேலையிலோ வீட்டிலோ இந்த மாதிரிச் சொற்கள் எப்படி நடமாடுகின்றன? கதையாகச் சொல்லுங்கள்.


அருப்புக்கோட்டை அக்கா

எங்கள் வீட்டில் ராஜ்ஜியம் செய்வது ஆயிரத்தெட்டுதான். ஆயிரத்தெட்டு வேலை கிடக்கு, ஆயிரத்தெட்டு சாக்கு, ஆயிரத்தெட்டு நொள்ளை, ஆயிரத்தெட்டு பிரச்சனை. கவனித்துப் பாருங்கள், நல்ல விஷயம் எதற்கும் இது வராது. ஆயிரத்தெட்டு சந்தோஷம் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

கோவிலுக்குள் போனால் இதே எண் பரம சாதுவாகிவிடும். 1008 சங்காபிஷேகம், 1008 திருவிளக்கு பூஜை. அங்கே ஒன்று குறைந்தாலும் விட மாட்டார்கள். எங்கள் ஊர் விளக்கு பூஜையில் வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டே வந்து, கடைசியில் இரண்டு விளக்கு குறைகிறது என்று பக்கத்துத் தெருவில் இருந்து ஆளைக் கூட்டி வந்து உட்கார வைத்தார்கள். அங்கே அவ்வளவு சுத்தமான எண், வாசலைத் தாண்டி வீட்டுக்குள் வந்தால் திட்டு.

நூற்றெட்டும் அப்படித்தான் இருந்தது. ‘நூத்தியெட்டு கேள்வி கேக்காதே’ என்பார் என் மாமியார். 2008-இல் ஆம்புலன்ஸுக்கு அந்த எண் வந்த பிறகு அதற்கு ஒரு பதற்றம் ஒட்டிக்கொண்டது. இப்போது ‘நூத்தியெட்டு’ என்று யாராவது சத்தமாகச் சொன்னால் தெருவே எட்டிப் பார்க்கிறது, யாருக்கு என்ன என்று.

இன்னொன்று. “ஆயிரத்தெட்டு தடவை சொல்லியாச்சு, ஈரத்துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு” என்று ஒருநாள் கத்தினேன். என் வீட்டுக்காரர் நிதானமாக, “இந்த மாசத்துல இது ஏழாவது தடவை” என்றார். எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார்! அன்று ராத்திரி அவருக்குப் பழைய சோறு.


கணக்கு வாத்தியார்

அக்கா, உங்கள் வீட்டுக்காரர் எங்கள் கட்சி. :)

ஆறாம் வகுப்புப் பையன்கள் சண்டை போடுவதைக் கேட்டால் பெரிய எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரியும். “நான் உன்னைவிட கோடி மடங்கு.” “நான் கோடி கோடி.” “நான் கோடியோட கோடியோட கோடி.” நகரத்துப் பையன் ஒருவன் வந்து ‘இன்ஃபினிட்டி’ என்று போட்டு ஆட்டத்தை முடிக்கப் பார்ப்பான். உடனே ‘இன்ஃபினிட்டி பிளஸ் ஒன்’ வரும். அது செல்லாது என்று விளக்கப் போனால் அந்தப் பாடவேளை அவ்வளவுதான்.

அன்று கூகோல் கதையைச் சொன்னேன். ஒன்றுக்குப் பின்னால் நூறு சுழி போட்டால் வரும் எண்ணுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று எட்வர்ட் காஸ்னர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் தன் அக்கா தங்கை பிள்ளைகளில் ஒரு சிறுவனைக் கேட்டார். ஒன்பது வயது மில்டன் சொன்ன பெயர்தான் கூகோல். தேடுபொறியின் பெயரும் அதிலிருந்து எழுத்து மாறி வந்ததுதான் என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

“நம்மகிட்ட அப்படி இல்லையா சார்?” என்று ஒரு பையன் கேட்டான். இருக்கிறது, அதுவும் பூப்பூவாக. பரிபாடலில் திருமாலைப் பாடும் இடத்தில் நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று ஊழிக்காலங்களுக்கு அளவு வருகிறது. எல்லாம் பேரெண்கள். குளத்தில் பூத்ததையும் குளத்தை நிரப்பியதையும் அப்படியே எண்ணாக எடுத்துக்கொண்டார்கள். ஐ, அம், பல் என்று முடியும் எண்ணுப்பெயர்களுக்குத் தொல்காப்பியம் புணர்ச்சி விதி சொல்கிறது. உரைகாரர்கள் காட்டும் உதாரணம் தாமரை, வெள்ளம், ஆம்பல். இலக்கணத்தில் விதி போடும் அளவுக்குப் புழங்கியிருக்கின்றன.

கம்பரில் வானர சேனை எழுபது வெள்ளம். “ஒரு வெள்ளம்னா எத்தனை சார்?” என்றான். அங்கேதான் சிக்கல். ஒவ்வொரு பட்டியலும் ஒவ்வொரு அளவு சொல்லும். எனக்கு இதில் பிடித்தது அந்த எழுபதுதான். அறுபத்தொன்பதும் இல்லை, எழுபத்தொன்றும் இல்லை, ஆளை நிறுத்தி எண்ணியது போல எழுபது. அதைத் திட்டமாகச் சொல்லிவிட்டு, பக்கத்தில் யாருக்கும் எட்டாத ஓர் அளவை வைத்துவிட்டார்.

இதே மொழியில்தான் முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. கீழ்முந்திரி 1,02,400-இல் ஒரு பங்கு. தஞ்சைப் பெரியகோவில் கல்வெட்டுகளில் நிலத்தை இப்படிப் பொடிப்பொடியாகப் பின்னம் போட்டு அளந்திருக்கிறார்கள். வரி என்று வந்துவிட்டால் ‘ஏதோ கொஞ்சம்’ என்று யாரும் எழுத முடியாது இல்லையா. வானரத்துக்கு வரி கிடையாது.


வடமராட்சிக்காரி

நான் ரொறன்ரோவில் ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். எங்கட சொல் ‘கன’. கனபேர், கனகாலம், கனதரம். ‘கனக்கக் கதைக்காதை’ என்று அம்மா சொன்னால் வாயை மூட வேண்டும், அவ்வளவுதான் அதற்குக் கணக்கு.

ஒருநாள் வயதான அம்மா ஒராளை நெஞ்சு நோ என்று கூட்டிக்கொண்டு வந்தவை. ஒரு நாளைக்கு எத்தனை தரம் நோகுது என்று டொக்டர் கேட்கிறார். நான் அப்படியே கேட்டேன்.

“கனதரம் பிள்ளை.”

டொக்டருக்கு எண் வேணும். எங்கள் வேலையில் நாங்களாக ஒரு எண்ணைப் போடக்கூடாது, சொன்னதைத்தான் சொல்லலாம். திருப்பிக் கேட்டேன், “கனதரம் எண்டால் எத்தனை தரம் அம்மா?”

“அதைத்தானே சொன்னன், கனதரம்.”

“பத்துத் தரமோ?”

“பத்தோ? பத்துத் தரம் நொந்தா நான் இப்ப இருப்பனோ?”

டொக்டர் நல்ல மனுசன். ‘நேற்று விடிய எழும்பினதில் இருந்து மத்தியானச் சாப்பாடு வரைக்கும் என்ன செய்தனீங்கள், எப்ப எப்ப நொந்தது’ என்று கேட்கச் சொன்னார். அம்மா சொன்னா: முகம் கழுவேக்க ஒருக்கா, படி இறங்கேக்க ஒருக்கா. பிறகு? பிறகு இல்லையாம். படுக்கேக்க? அதுவும் இல்லை. ஆகக் கனதரம் என்பது இரண்டு தரம்.

ஆனால் அந்த அம்மா பொய் சொல்லவில்லை. முந்தி ஒருநாளும் நோகாத நெஞ்சு அது. அவவுக்கு இரண்டே கனக்கத்தான். டொக்டரும் அப்படித்தான் எடுத்தார் போல, அன்றைக்கே மறித்து வைத்துப் பார்த்தவை.

அதுக்குப் பிறகு ‘எத்தனை’ என்று கேட்டு ‘கன’ வந்தால், நாளைத் துண்டு துண்டாக்கிக் கேட்கலாமோ என்று டொக்டர்மாரிட்டை நானே சொல்லுறது.


பத்திர எழுத்தர்

எங்கள் தொழிலில் இந்தச் சொற்களுக்கு இடமே இல்லை. தொகையை எண்ணாலும் எழுதி எழுத்தாலும் எழுத வேண்டும். நான்கெல்லை சொல்லாமல் ‘கண்ணுக்கெட்டிய தூரம் எங்க நிலம்’ என்று வந்து நிற்பவர்கள் உண்டு. அளந்து பார்த்தால் ஒன்றே கால் ஏக்கர்.

கோடி படும் பாட்டைப் பார்த்தால்தான் வருத்தமாக இருக்கிறது. என் தாத்தா பெரியவர்களுக்கு எழுதும் கடிதங்கள் ‘அநேக கோடி நமஸ்காரம்’ என்று தொடங்கும். இப்போது சென்னையில் சாதாரண மூன்று அறை வீடே கோடியைத் தாண்டுகிறது. லட்சாதிபதி என்ற சொல்லைக் கடைசியாக எப்போது கேட்டீர்கள்? இன்று ஒருவரைப் பார்த்து அப்படிச் சொன்னால் கோபித்துக்கொண்டு போய்விடுவார்.


தோக்கியோ தமிழன்

இங்கே காய்கறிக் கடைக்குப் பெயர் யாவோயா. எழுத்தைப் பிரித்தால் ‘எண்ணூறு கடை’. எண்ணூறு என்றால் ஜப்பானியருக்குக் கணக்கில்லாதது. பொய் மூட்டையை அவிழ்த்துவிடுபவனைப் பற்றி ‘உசோ ஹப்பியாகு’ என்பார்கள், எண்ணூறு பொய். அக்கா சொன்ன ஆயிரத்தெட்டு சாக்கு அப்படியே கிமோனோ கட்டிக்கொண்டு நிற்கிறது.

தெய்வங்கள் எத்தனை என்றால் ‘யாவோயோரோஸு’, அதாவது எண்பது லட்சம். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது ஒரு ஜப்பானிய நண்பர் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். எங்களுக்கு முப்பத்து முக்கோடி என்றேன். சாப்பிடும் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கைபேசியில் பெருக்கிப் பார்த்தார். முப்பத்து மூன்று கோடி என்றால் முப்பத்து மூன்று ‘வகை’ என்றுதான் பொருள் என்று ஒரு விளக்கம் வாட்ஸப்பில் சுற்றுகிறதே, அதை அவரிடம் சொல்லவில்லை. கையில் வந்த வெற்றியை யார் விடுவார்?


சும்மா ஒருவன்

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பதே தப்பு. ‘ஆயிரம் முறை போய்ச் சொல்லி’ என்பதுதான் சரி. அதையும் யாராவது சொல்லுங்கப்பா.


செய்திமேசை

தம்பி, ஆயிரம் முறை போய்ச் சொன்னால் பெண் வீட்டார் நாயை அவிழ்த்துவிடுவார்கள். பழமொழியைத் திருத்தி நல்லபிள்ளை ஆக்கும் இந்த வேலை எனக்கு ஒட்டவே இல்லை. பொய்தான், ஆயிரம்தான். கல்யாணம் பேசிய அனுபவம் உள்ளவர்கள் யாரும் அந்த எண்ணைச் சந்தேகப்பட்டு நான் பார்த்ததில்லை.


மாந்தோப்பு

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்புக் குத்தகை எடுக்கிற குடும்பம் நாங்கள். எங்கள் பேரம் முழுக்க இந்தச் சொற்களில்தான் நடக்கும். பூ விட்டுப் பிஞ்சு பிடிக்கிற சமயம் தோட்டக்காரர் மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போவார்.

“பாருங்க, சடைசடையாப் பிடிச்சிருக்கு. கிளை தாங்காது. இந்த வருசம் காய்ச்சுத் தள்ளப்போவுது.”

எங்கள் அப்பா அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்ப்பார். மரத்தைச் சுற்றி ஒரு நடை. பிறகு, “ஏதோ நாலு பிஞ்சு கண்ணுல படுது” என்பார்.

ஒரே மரம்தான். இவருக்குச் சடைசடை, அவருக்கு நாலு. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு தொகை முடியும். இரண்டு பேருமே மனதுக்குள் மரத்துக்கு இத்தனை கிலோ என்று சரியாகப் போட்டு வைத்திருப்பார்கள், அதை வாய்விட்டு மட்டும் சொல்ல மாட்டார்கள். எண்ணைச் சொன்னவன் பேரத்தில் தோற்றான் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம்.

வேடிக்கை என்னவென்றால், முன்பணம் கைமாறிய மறுநாளே வாய் மாறிவிடும். மாம்பழக்கூழ் ஆலைக்குப் போன் போட்டு அப்பா, “தோத்தாபுரி எக்கச்சக்கமா இருக்கு, லோடு லோடா இறக்கலாம்” என்பார். தோட்டக்காரர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, “நாலு காய் கிடந்துச்சு, குடுத்துட்டேன். மழை வேற மிரட்டுது” என்பார்.

இந்த ‘நாலு’ பற்றி யாரும் எழுதவில்லையே. நாலு காசு சம்பாதி என்றால் கொஞ்சமா? நாலு எழுத்துப் படி என்றால் அ, ஆ, இ, ஈ மட்டுமா? நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பயப்படும்போது அந்த நாலு பேர் யார்? ஊர் உலகம் மொத்தமும் அதற்குள் இருக்கிறது. எனக்கென்னவோ வெள்ளத்தைவிட இதுதான் பெரிய எண் என்று படுகிறது, வாத்தியார் மன்னிக்கவும்.


கணக்கு வாத்தியார்

மன்னிக்க ஒன்றுமில்லை தம்பி. ‘பலர்’ என்பதை எழுத்தில் வைத்திருக்கிறோம், பேச்சில் அந்த வேலையை நாலு பார்க்கிறது. ஆனால் குறைத்துச் சொல்லவும் அதுதான், பரப்பிச் சொல்லவும் அதுதான் என்றால் கேட்பவர் எதை வைத்துப் பிரிக்கிறார்?


பந்தி மாஸ்டர்

வாத்தியார் சார், அதை நான் சொல்கிறேன். எனக்கு அது சோற்றுப் பிரச்சனை.

கல்யாணச் சமையல் காண்டிராக்ட். முதல் கேள்வியே “எத்தனை இலை?” என்பதுதான். நூறு பேருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ அரிசி என்று ஆரம்பித்து எல்லாமே அந்த ஒரு எண்ணில் இருந்துதான் ஓடும். ஆனால் கல்யாண வீட்டுக்காரர் வாயில் இருந்து எண் வராது. வருவது இப்படி:

“ஊரே வரும் மாஸ்டர்.”

“சொந்தமே எக்கச்சக்கம்.”

“ஏகப்பட்ட பத்திரிகை வச்சாச்சு.”

“ரொம்ப இல்ல, வேண்டியவங்க நாலு பேர்தான்.”

ஊரே வரும் என்பவரை நான் பார்த்துக்கொள்வேன், பயமில்லை. அவர் பெருமைக்குச் சொல்கிறார். ஊரில் பாதிக்கு வேறு மண்டபத்தில் முகூர்த்தம் இருக்கும். அவர் சொல்லாத எண்ணை நானே பாதியாக்கி அண்டா ஏற்றினால் சரியாக இருக்கும். எக்கச்சக்கம் என்பவர் குழம்பிப்போய் இருக்கிறார், அவரிடம் பத்திரிகை எத்தனை அடித்தீர்கள், மிச்சம் எத்தனை என்று கேட்டால் போதும். ஏகப்பட்ட பத்திரிகை வைத்தவர் வீட்டுக்கு எவ்வளவு பேர் வருவார்கள் என்பது அவர் மற்றவர் வீட்டுக்குப் போனாரா என்பதைப் பொறுத்தது. அதை அவரிடம் கேட்கக்கூடாது, பக்கத்து வீட்டில் விசாரிக்க வேண்டும்.

ஆபத்தானவர் நாலு பேர்க்காரர்தான். அவர் அடக்கமானவர். அடக்கமானவருக்கு ஊரில் வேண்டியவர்கள் அதிகம். மொய் எதிர்பார்க்காமல் எல்லோர் வீட்டு விசேஷத்துக்கும் போய் முதல் ஆளாக நின்றிருப்பார். அவர் ‘நாலு பேர்’ என்று சொல்லும்போது அவர் மனதில் நிஜமாகவே நாலு முகம்தான் இருக்கும். அந்த நாலு முகமும் ஆளுக்கு ஒரு வேன் பிடித்து வருவார்கள்.

ஒரு வாத்தியார் வீட்டுக் கல்யாணம் அப்படித்தான். “பழைய மாணவங்க ஒரு நாலு பேர் வருவாங்க” என்றார். முதல் பந்தியிலேயே இலை போட்ட கையோடு எங்கள் பையன் ஓடி வந்து, “மாஸ்டர், கை கழுவுற இடம் வரைக்கும் நிக்கிறாங்க” என்றான். சாம்பாரை நீட்டலாம், ரசத்தை நீட்டலாம், பாயசத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஒரு சிப்பம் அரிசியை அவசரமாக உலையில் போட்டு, அது வேகும் வரை அப்பளத்தையும் வாழைப்பழத்தையும் அனுப்பிக்கொண்டே இருந்தோம். மேளக்காரரிடம் சொல்லி இன்னும் இரண்டு பாட்டு சேர்த்து வாசிக்க வைத்தேன், அதிலும் கொஞ்ச நேரம் கிடைத்தது.

வாத்தியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். “இவ்வளவு பேர் வருவாங்கன்னு நினைக்கவே இல்ல மாஸ்டர்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பந்தி முடிந்ததும் மிஞ்சிய இலைக் கட்டை எண்ணிப் பார்த்தேன். நாலு பேருக்கு முந்நூற்றுச் சொச்சம் இலை ஓடியிருந்தது.

அதனால் இப்போது என் நோட்டில் ‘ஊரே’ என்றால் சொன்னதில் பாதி, ‘நாலு பேர்’ என்றால் இருநூறில் இருந்து ஆரம்பம். வாத்தியார் வேலையில் இருந்தவர் என்றால் கூடவே ஒரு சிப்பம் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். கணக்கு வாத்தியார் சார், உங்கள் வீட்டு விசேஷத்துக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.